ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் கேஸ் கிடையாதா? போதைப்பொருள் சட்டத்தின் எடைக் கணக்கு

என் அக்கா மகன் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பொங்கல் லீவுக்கு வந்தவன், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே கேட்டான்: "மாமா, கஞ்சா ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தா கேஸே கிடையாதாமே? ஹாஸ்டல்ல எல்லாரும் சொல்றாங்க." ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அக்காவின் கரண்டி பாதியில் நின்றது.

ஒரு கிலோ என்ற கணக்கு சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் அது சொல்வது வேறு. இதே மாதிரி பாதி காதில் விழுந்து ஊர் சுற்றும் சங்கதிகள் இன்னும் உண்டு. "வித்தாத்தான் குற்றம், சும்மா வெச்சிருந்தா இல்ல." "பை நண்பனோடது, அதனால எனக்கு ஒன்னும் ஆகாது." "கம்பெனி யூரின் டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்தா நேரா போலீஸ்தான்." மூன்றும் தப்பு. எங்கே தப்பு என்று புரிய இரண்டே விஷயம் தெரிந்தால் போதும்: 'கைவசம்' என்று சட்டம் எதைச் சொல்கிறது, தராசு என்ன சொல்கிறது.

## எந்தப் போதைக்கு எந்தச் சட்டம்

"போதைப்பொருள் பறிமுதல்" என்று செய்தியில் வந்தால், அது நாலு விதமான விஷயமாக இருக்கலாம். பாட்டிலைப் பதுக்கி விற்றவர் மீது பாய்வது 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம். குட்கா மூட்டை பிடிபட்டால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பேரில் தமிழக அரசு 2013இல் கொண்டுவந்த தடை. பொது இடத்தில் சிகரெட் பிடித்தால் 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம், 200 ரூபாய் வரை அபராதம். இந்த மூன்றையும் இங்கே விட்டுவிடலாம்.

கஞ்சா, அபின், ஹெராயின், கோகெய்ன், எம்.டி.எம்.ஏ., மெத்தம்பெட்டமைன், அப்புறம் சில வகை வலி மாத்திரைகள், தூக்க மாத்திரைகள் எல்லாம் வருவது வேறொரு சட்டத்துக்குள். போதைப்பொருட்கள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் என்பது அதன் பெயர். என்.டி.பி.எஸ். என்றுதான் போலீஸ், வக்கீல், பத்திரிகை எல்லோரும் சொல்வார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு 1857, 1878ஆம் ஆண்டுகளின் அபின் சட்டங்களையும் 1930ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றையும் வைத்துத்தான் காலம் ஓடியது.

இது மத்தியச் சட்டம். காஷ்மீரிலும் கன்னியாகுமரியிலும் தண்டனை ஒன்றே. அமெரிக்காவில் அப்படி இல்லை. கொலராடோவில் 21 வயதானவர் கடைக்குப் போய் கஞ்சா வாங்கலாம், அதே பொட்டலத்தோடு பக்கத்து கான்சஸ் மாநிலத்துக்குள் நுழைந்தால் குற்றவாளி. இணையத்தில் வரும் பாதி வீடியோக்கள் அந்த ஊர்க் கணக்கைப் பேசுபவை. அதைப் பார்த்துவிட்டு நம்மூர்ச் சட்டத்தை எடை போடுவதில்தான் முதல் குழப்பம்.

நம் நாட்டிலும் ஒரு சின்ன இடைவெளி உண்டு. சட்டத்தின் பார்வையில் 'கஞ்சா' என்பது அந்தச் செடியின் பூவும் காயும் பிடித்த நுனிப் பகுதி. நுனி சேராமல் இலையும் விதையும் மட்டும் இருந்தால் அது அந்த வரையறைக்குள் வராது. ஹோலி சமயத்தில் வடக்கே குடிக்கும் பாங்கு, இலையில் அரைப்பது. அதனால்தான் ராஜஸ்தானிலும் உத்தரப்பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு பாங்குக் கடை நடக்கிறது. தமிழ்நாட்டில் அப்படிக் கடை கிடையாது. நம்மூரில் பிடிபடுவதும் பெரும்பாலும் பூ பிடித்த சரக்குதான். எனவே "இலைதானே சார்" என்ற வாதத்தை நம்பி யாரும் இறங்க வேண்டாம்.

## 'என்னோடது இல்லை' என்றால் போதுமா

கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் போடுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பொறுப்பில் ஐந்நூறு ஜோடி இருக்கிறது. ஒன்றுகூட அவருடையது இல்லை. ஆனால் எடுத்துக் கொடுப்பதும் கொடுக்காமல் வைப்பதும் அவர் கையில். சொந்தம் என்பது ஒன்று, கைவசம் என்பது இன்னொன்று. இந்தச் சட்டம் சொந்தக்காரர் யார் என்று கேட்பதே இல்லை, கைவசம் யாரிடம் என்றுதான் கேட்கிறது. நண்பன் கொடுத்த பை, காசு கொடுத்தவன் வேறொருவன், வாங்கப் போகிறவன் மூன்றாமவன் என்ற கதையெல்லாம் உண்மையாகவே இருந்தாலும், பையைப் பிடித்திருப்பவர் நீங்கள்.

கைவசம் என்பதற்குப் பொருள் கைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. திருநெல்வேலி வீட்டு பீரோவில் பொருள் இருக்கிறது, சாவி சென்னையில் உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. நீங்கள் திறந்தால்தான் திறக்கும் என்றால், அது உங்கள் கைவசம்தான்.

சரி, செருப்புக்காரரிடம் வருவோம். ஒருவர் விட்டுப்போன செருப்பின் அடியில் யாரோ ஒரு பொட்டலத்தை ஒட்டி வைத்திருந்தால்? அது அவருக்குத் தெரியவே தெரியாதே. இங்கேதான் இரண்டாவது அம்சம் வருகிறது. பொருள் உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பது மட்டும் போதாது. அது அங்கே இருக்கிறது, அது என்ன பொருள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்ததை 'அறிந்த கைவசம்' என்று சொல்லலாம். குற்றமாவது அதுதான்.

ஆனால் தெரியாது என்று சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்களா? அங்கேதான் இந்தச் சட்டம் மற்றவற்றிலிருந்து விலகுகிறது. சாதாரணத் திருட்டு வழக்கில் எல்லாவற்றையும் அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவர் வாய் திறக்காமல்கூட இருக்கலாம். என்.டி.பி.எஸ். சட்டத்தின் 35ஆம் பிரிவு இதைத் தலைகீழாக்குகிறது. உங்களிடம் பொருள் இருந்தது என்று அரசுத் தரப்பு முதலில் நிரூபிக்க வேண்டும். அது முடிந்துவிட்டால், உங்களுக்குத் தெரிந்தேதான் இருந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாமல். அந்த முதல் படியை அரசுத் தரப்பு ஒழுங்காகத் தாண்டாமல் இரண்டாவதுக்குப் போக முடியாது என்று 2008இல் நூர் ஆகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவைத்தது. ஆனாலும் பாரம் கனம்தான்.

பேருந்தையும் காரையும் எடுத்துக்கொண்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மதுரையிலிருந்து கிளம்பும் அரசுப் பேருந்தில் மேல் அடுக்கில் ஒரு பை. கீழே நாற்பது பேர். பையில் கஞ்சா என்பதற்காக நாற்பது பேரையும் உள்ளே வைக்க முடியாது. அதே பை ஐந்து நண்பர்கள் போகும் காரில் இருந்தால் கதை வேறு. 2003இல் மதன் லால் வழக்கில் அதுதான் நடந்தது. இமாசலப் பிரதேசத்தில் காரில் போன ஐந்து பேர், கஞ்சாப் பிசினான சரஸ் ஒரு பையில். அது பொதுவாகனம் இல்லை, ஐவரும் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள், வேறு விளக்கமும் சொல்லவில்லை என்பதால் ஐவருக்குமே அறிந்த கைவசம் உண்டு என்றது உச்ச நீதிமன்றம்.

வண்டி இரவல் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொருள் ஏற்றிய வண்டி பறிமுதலாகலாம். தனக்குத் தெரியாது, தன்னால் முடிந்த முன்னெச்சரிக்கையும் எடுத்தேன் என்று உரிமையாளர் காட்டினால்தான் தப்பும். அறையோ வீடோ வைத்திருப்பவர் தெரிந்தே அதற்கு இடம் கொடுத்தால் 25ஆம் பிரிவு, குற்றம் செய்தவருக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை. 'தெரிந்தே' என்ற சொல் அங்கே முக்கியம்.

இதுவரை பார்த்ததை ஒரு மூச்சில் சொன்னால்: பொருள் யாருடையது என்பது கேள்வியே இல்லை. அது உங்கள் கட்டுப்பாட்டில் இருந்ததா, உங்களுக்குத் தெரியுமா என்பவைதான் கேள்விகள். முதலாவதை அரசு நிரூபித்துவிட்டால், இரண்டாவதற்குப் பதில் சொல்வது உங்கள் தலையில்.

## தராசு தீர்மானிக்கும் மூன்று தட்டுகள்

இப்போது மருமகனின் ஒரு கிலோ. 2001க்கு முன்பு ஹெராயின் போன்ற பல பொருட்களுக்கு, சொந்தப் பயன்பாட்டுக்கான சிறு அளவுதான் என்று நிரூபிக்காவிட்டால், பிடிபட்டது பத்து கிராமோ பத்து கிலோவோ குறைந்தபட்சத் தண்டனையே பத்து ஆண்டு. கடத்தல்காரனுக்கும் அவனிடம் பொட்டலம் வாங்கும் அடிமைக்கும் ஒரே அளவுகோல். 2001இல் திருத்தம் வந்து எடையை வைத்துத் தண்டனையை மூன்று தட்டாகப் பிரித்தார்கள்: சிறிய அளவு, வணிக அளவு, இரண்டுக்கும் நடுவே உள்ளது. ஒவ்வொரு பொருளுக்கும் எல்லைக்கோடு எங்கே என்று மத்திய அரசு பட்டியல் போட்டது.

கஞ்சாவுக்கு அந்தக் கோடுகள் 1 கிலோவும் 20 கிலோவும். 1 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் சிறிய அளவு. தண்டனை ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. அதற்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு, கூடவே 1 லட்சம் முதல் 2 லட்சம் வரை அபராதம். நடுவில் உள்ளதற்கு 10 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். இந்த நடுத்தட்டுக்குக் குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. இரண்டு கிலோவுக்கும் பதினெட்டு கிலோவுக்கும் ஒரே பெட்டிதான், எவ்வளவு கொடுப்பது என்பது நீதிபதியின் கையில்.

ஆக, ஒரு கிலோ என்பது அனுமதி இல்லை. தண்டனைப் படிக்கட்டின் முதல் படி, அவ்வளவுதான். ஒரு கிராம் இருந்தாலும் அந்தப் படியில் ஏறியாகிவிட்டது. மருமகனிடம் இப்படிச் சொன்னேன்: பேருந்தில் டிக்கெட் இல்லாமல் ஒரு ஸ்டாப் போனாலும் அபராதம், பத்து ஸ்டாப் போனாலும் அபராதம். தூரம் குறைவு என்பதால் அது டிக்கெட் ஆகிவிடாது. "அப்ப நூறு கிராம்?" என்றான். நூறு கிராமும்தான்.

'வணிக அளவு' என்ற பெயரும் பலரை ஏமாற்றுகிறது. விற்றதை நிரூபித்தால்தான் அது பொருந்தும் என்று நினைக்கிறார்கள். இல்லை. 21 கிலோவைப் பரணில் வைத்துக்கொண்டு ஒரு பைசாவுக்கும் விற்காதவர் மீதும் வணிக அளவு வழக்குதான். அங்கே சாட்சி சொல்வது வாடிக்கையாளர் இல்லை, தராசு.

இன்னொரு ஆபத்து, எல்லாப் பொருளுக்கும் கஞ்சாவின் கிலோக் கணக்கை மனதில் வைத்துக்கொள்வது. ஹெராயினுக்குச் சிறிய அளவின் எல்லை 5 கிராம், வணிக அளவு 250 கிராம். கோகெய்னுக்கு 2 கிராம், 100 கிராம். மெத்தம்பெட்டமைனுக்கு 2 கிராம், 50 கிராம். கல்லூரி விடுதிகளிலும் பார்ட்டிகளிலும் புழங்கும் எம்.டி.எம்.ஏ.வுக்கு அரை கிராம், 10 கிராம். காய்ச்சல் மாத்திரை அட்டையில் 500 மில்லிகிராம் என்று போட்டிருக்குமே, அதுதான் அரை கிராம். அந்த அளவைத் தொட்டாலே எம்.டி.எம்.ஏ. வழக்கு முதல் படியைக் கடந்து பத்தாண்டு வரை போகக்கூடிய நடுத்தட்டுக்கு வந்துவிடும். எல்.எஸ்.டி.க்கு வணிக அளவே 0.1 கிராம்தான். தாராளமாக எடுத்த ஒரு சிட்டிகை உப்பு அதைவிடக் கனமாக இருக்கும்.

வைத்திருப்பது ஒரு குற்றம் என்றால் உட்கொள்வது தனிக் குற்றம். கோகெய்ன், அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபின், ஹெராயின் என்றால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம். கஞ்சா உள்ளிட்ட மற்றவைக்கு ஆறு மாதம் வரை அல்லது 10,000 வரை. இரண்டிலுமே சிறையும் அபராதமும் சேர்ந்தும் வரலாம்.

மெடிக்கல் ஷாப் மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிரமடால் என்ற வலி மாத்திரை 2018இல் இந்தச் சட்டத்துக்குள் வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்து உங்கள் நோய்க்குச் சாப்பிட்டால் குற்றமில்லை, சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில்லாமல் அட்டை அட்டையாகக் கைமாறினால், அது 'மாத்திரைதானே' என்று சொல்லித் தப்பிக்கிற விஷயம் இல்லை.

## காபித் தூளும் சிக்கரியும்

எடை என்றதும் அடுத்த கேள்வி எழும். தெருவில் விற்கும் ஹெராயின் சுத்தமாக இருப்பதில்லை, வேறு ஏதேதோ பொடி கலந்துதான் வரும். எடை போடும்போது போதைப்பொருளை மட்டும் கணக்கிடுவதா, மொத்தக் கலவையையுமா?

காபித் தூள் அரைக்கும் கடையில் எண்பதுக்கு இருபது சிக்கரி போட்டு அரைக் கிலோ வாங்குகிறீர்கள். தராசில் ஏறுவது மொத்த அரைக் கிலோ. "காபிக் கொட்டை நானூறு கிராம்தானே" என்று யாரும் கேட்பதில்லை. 2008இல் மைக்கேல் ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சிக்கரியைக் கழிக்கச் சொன்னது, அதாவது உள்ளே இருக்கும் அசல் போதைப்பொருளின் எடைதான் கணக்கு என்றது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. இப்போது கலவையின் மொத்த எடையும் கணக்கில் வரும். 300 கிராம் பொடியில் ஹெராயின் வெறும் 4 கிராம் என்று ஆய்வகம் சொன்னாலும், அது சிறிய அளவு இல்லை, வணிக அளவு.

எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. கலப்படம் அதிகமாக வாங்கி ஏமாந்தவருக்கு, சுத்தமான சரக்கு வாங்கியவரைவிடத் தண்டனை கூடிவிடக்கூடும். ஆனால் இன்றைய சட்ட நிலை இதுதான்.

## தண்டனைக்கு முன்பே வரும் தண்டனை: ஜாமீன்

ஒருவர் குற்றவாளியா இல்லையா என்பது விசாரணை முடிந்த பிறகுதான் தெரியும். அதுவரை வெளியே இருக்க விடுவதற்குப் பெயர் ஜாமீன். மற்ற வழக்குகளில் ஓடிவிடுவாரா, சாட்சியைக் கலைப்பாரா என்று நீதிபதி பார்ப்பார். என்.டி.பி.எஸ். சட்டத்தின் 37ஆம் பிரிவு இன்னும் இரண்டு கதவுகளை வைத்திருக்கிறது. அரசு வக்கீல் ஜாமீனை எதிர்த்தால், இவர் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும், வெளியே போனால் மறுபடி குற்றம் செய்ய மாட்டார் என்ற நம்பிக்கையும் வேண்டும். விசாரணை தொடங்கும் முன்பே பாதித் தீர்ப்பை எழுதச் சொல்வது போன்ற நிபந்தனை.

இது எல்லா என்.டி.பி.எஸ். வழக்குக்கும் கிடையாது. வணிக அளவு வழக்குகளுக்கும், கடத்தலுக்குப் பணம் கொடுத்தது போன்ற சில பெருங்குற்றங்களுக்கும்தான். சிறிய அளவுக்கும் நடுத்தட்டுக்கும் இந்தப் பூட்டு இல்லை. ஆகவே 19 கிலோவுக்கும் 21 கிலோவுக்கும் நடுவே இருப்பது இரண்டு கிலோ மட்டும் இல்லை. முன்னவர் சில மாதங்களிலேயே வெளியே வரலாம், பின்னவர் வருடக்கணக்கில் காத்திருக்கலாம். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவும் வணிக அளவு வழக்கில் போலீசுக்கு 180 நாள் அவகாசம் உண்டு. மற்ற வழக்குகளில் அது 60 அல்லது 90 நாள்.

தமிழ்நாட்டில் இதோடு குண்டாஸும் சேரும். 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14ஐத்தான் நாம் குண்டர் சட்டம் என்கிறோம். பெயரைக் கேட்டு ரவுடிகளுக்கு மட்டும் என்று நினைக்கிறோம், போதைப்பொருள் குற்றவாளிகளும் அதன் பட்டியலில் இருக்கிறார்கள். இது தண்டனை இல்லை, தடுப்புக் காவல்: இனிமேல் செய்வார் என்ற அச்சத்தில் 12 மாதம் வரை அடைத்து வைப்பது.

சட்டம் கடுமையாக இருப்பதால் நடைமுறையையும் கடுமையாகவே எதிர்பார்க்கிறது. உங்கள் உடம்பைச் சோதிக்கும் முன், "கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது" என்று சொல்லியாக வேண்டும். இது 50ஆம் பிரிவு. ஆனால் கையில் தொங்கும் பைக்கோ வண்டியின் டிக்கிக்கோ அந்த உரிமை பொருந்தாது, உடம்புக்கு மட்டும்தான். விசாரணை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்பது 2020 அக்டோபரில் வந்த தீர்ப்பு. அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு: தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு.

இடையில் ஒரு எச்சரிக்கை. இந்த எடைக் கணக்கு இந்தியாவுக்கு மட்டுமே. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயினோ 500 கிராமுக்கு மேல் கஞ்சாவோ கடத்தினால் மரண தண்டனை வரை போகும். பாங்காக்கில் கடையில் வாங்கிய கஞ்சாவைப் பெட்டியில் போட்டுக்கொண்டு மீனம்பாக்கத்தில் இறங்கினால், அங்கே வாங்கிய பில் இங்கே எதற்கும் உதவாது. அது இறக்குமதிக் குற்றம்.

## ஆபீஸ் விதியும் போலீஸ் சட்டமும்

அபார்ட்மெண்ட் சங்கத்தில் வண்டியை வேறொருவர் இடத்தில் நிறுத்தினால் சங்கம் அபராதம் போடும். போலீஸ் வராது. சிவப்பு விளக்கைத் தாண்டினால் போலீஸ் வரும், சங்கத்துக்கு அதில் வேலை இல்லை. வேலையிடத்துப் போதை விதிகள் சங்கத்து விதி போன்றவை. நிறுவனம் கேட்கும் கேள்வி, "இந்த நிலையில் நீ வேலை பார்க்கலாமா?" என்பது. போலீஸ் கேட்கும் கேள்வி, "உன்னிடம் என்ன இருந்தது, எவ்வளவு?" என்பது.

தனியார் நிறுவனம் எல்லா ஊழியரையும் சோதிக்க வேண்டும் என்று இந்தியாவில் பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. அதனால் சோதனை என்பது பெரும்பாலும் நீங்கள் கையெழுத்திட்ட பணி ஒப்பந்தத்திலிருந்தும் நிறுவனக் கொள்கையிலிருந்தும்தான் வருகிறது. அந்த முப்பது பக்கத்தை யாரும் படிப்பதில்லை, நானும் படித்ததில்லை. உயிர் சம்பந்தப்பட்ட வேலைகளில் மட்டும் நிலைமை வேறு. 2022 ஜனவரி 31 முதல் விமானிகள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் ஆகியோரில் ஆண்டுக்குக் குறைந்தது 10 சதவீதம் பேரை முன்னறிவிப்பு இல்லாமல் சோதிக்க வேண்டும் என்பது விதி. முதல்முறை உறுதியானால் பணியிலிருந்து விலக்கிச் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். சாலையில் ஓட்டுபவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலோ, போதைப்பொருளால் வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்தாலோ, முதல்முறைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

சிறுநீர்ச் சோதனை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதையும் பார்த்துவிடலாம். நேற்று இரவு பூண்டு சட்னி சாப்பிட்டவர் காலையிலும் மணக்கிறார் என்பதற்காக அவர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம் இல்லை. சோதனை தேடுவது அந்த மிச்ச வாசனையைத்தான்: பொருளை உடம்பு உடைத்த பிறகு வெளியேறும் கழிவு. கஞ்சாவின் மிச்சம் கொழுப்பில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். எப்போதோ ஒருமுறை இழுத்தவருக்குச் சில நாள், தினமும் இழுப்பவருக்கு வாரக்கணக்கில் தெரியும். ஆக, பாசிட்டிவ் என்பது இந்த நிமிடம் போதையில் இருக்கிறார் என்பதற்குச் சான்று இல்லை, பொருளை வைத்திருந்தார் என்பதற்கும் சான்று இல்லை.

முதலில் செய்யும் கப் சோதனை வெறும் சல்லடை. அதில் சிக்கியதை ஆய்வகத்தில் நுணுக்கமான இரண்டாவது சோதனை செய்து உறுதிப்படுத்தினால்தான் முடிவு. ஆய்வகமும் உங்கள் தட்டில் என்ன இருந்தது என்று அறியாது. குருமாவில் அரைத்துவிடும் கசகசா அபின் செடியின் விதைதான். நிறையச் சாப்பிட்டிருந்தால் மார்ஃபின் நிஜமாகவே சிறுநீரில் தென்படலாம். என்ன சாப்பிட்டீர்கள், என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. இந்தியாவில் மளிகைக் கடையில் கிடைக்கும் அதே கசகசாவுக்கு ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் தடை உண்டு. ஊரிலிருந்து மசாலா கட்டிக் கொடுக்கும் அம்மாக்கள் கவனிக்க.

நிறுவனத்தின் உள்விசாரணைக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத சாட்சியம் தேவையில்லை, 'நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்' என்ற அளவு போதும். எனவே நீதிமன்றத்தில் விடுதலையான ஒருவரை நிறுவனம் வேலையிலிருந்து நீக்கலாம். போலீஸ் வழக்கே இல்லாமலும் நீக்கலாம். ஆனால் குற்றச்சாட்டைச் சொல்லி, விளக்கம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

இரண்டு உலகமும் முட்டிக்கொள்ளும் இடம் அரசு வேலை. அரசு ஊழியர் எந்தக் குற்ற வழக்கிலானாலும் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால், அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதாகவே கருதப்படும். தனியாக யாரும் யோசித்து முடிவெடுக்க வேண்டியதில்லை. வேலைக்கு விண்ணப்பிப்பவருக்கு இடறுவது சரிபார்ப்புப் படிவம். "உங்கள் மீது வழக்கு ஏதும் உண்டா?" என்ற கட்டத்தில் பலர் 'இல்லை' என்று எழுதிவிட்டு, வழக்கைவிட அந்தப் பொய்யால் வேலையை இழக்கிறார்கள். 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம்: வழக்கை மறைத்தால் அதுவே நீக்கக் காரணமாகலாம். உண்மையைச் சொன்னவரையும் எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை, ஆனால் வழக்கின் தன்மையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

இந்தப் பகுதியிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால்: ஆபீஸ் சோதனை உங்கள் வேலையைத் தொடும், அது தானாக வழக்காகாது. வழக்கு வந்தால் அது ஆபீஸையும் சேர்த்தே தொடும்.

## தானாகப் போய்ச் சிகிச்சை கேட்டால்

இவ்வளவு கடுமையான சட்டத்தில் யாரும் பேசாத ஒரு பிரிவு இருக்கிறது, 64அ. போதைக்கு அடிமையான ஒருவர் மீது உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்து, அவர் தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போய்விடும். நடுத்தட்டுக்கும் வணிக அளவுக்கும் இது பொருந்தாது. குற்றம் நிரூபணமான பிறகும், சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு 39ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு.

இதையும் மருமகனிடம் சொன்னேன். பிரிவு எண்ணை இரண்டு முறை கேட்டான், போனில் குறித்துக்கொண்டான். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. 14446 என்ற இலவச உதவி எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.